பொம்பளைங்க பிரசங்கம் பண்ணலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க தேயிலைத் தோட்டத்து சபையில பாஸ்டர் ஐயா மருந்து எடுக்க கொழும்புக்குப் போயிருந்த நேரம், சண்டே ஸ்கூல் படிச்சுக் குடுக்கிற தங்கச்சி ஒருத்தி ஞாயிறு ஆராதனையில செய்தி குடுத்தா. வேதாகமக் கல்லூரியில படிச்ச புள்ள, நல்லாத்தான் பேசினா. ஆனா அவ வேதத்தைத் திறந்ததும் மூப்பர் ரெண்டு பேர் எழும்பி வெளியில போயிட்டாங்க. அடுத்த கிழமை கமிட்டியில 1 தீமோத்தேயு 2:12ஐ வாசிச்சு, இனிமே எந்தப் பொம்பளையும் பிரசங்க மேடையில ஏறக்கூடாதுன்னு முடிவு எடுத்துட்டாங்க. அந்தப் புள்ள இப்ப சபைக்கே வாறதில்ல. என் மாமியாரும் மூப்பர்மார் செஞ்சதுதான் சரின்னு சொல்றாங்க. வேதம் உண்மையிலயே என்ன சொல்லுது?
- வாசகி ஒருவர், போகவந்தலாவ

பதில்: தங்கச்சி, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி ஒன்னு சொல்றேன், இந்த ஞாயிறுக்குள்ள நீங்க அந்தப் புள்ளையோட வீட்டுக்குப் போயிட்டு வாங்க. வாதமும் வேணாம் விளக்கமும் வேணாம், கொஞ்ச நேரம் இருந்து தேத்தண்ணி குடிச்சு, சேர்ந்து ஜெபம் பண்ணிட்டு வாங்க. கமிட்டி எடுத்த முடிவ நாளைக்கு மாத்தலாம், மனசு ஒடஞ்சு சபைய விட்டுப் போன புள்ளைய திரும்ப கூட்டிக்கிட்டு வாறது லேசான காரியம் இல்ல.

இப்ப வசனத்துக்கு வருவோம். "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை"ன்னு அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது உண்மைதான். 1 கொரிந்தியர் 14:34லயும் "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்"னு இருக்கு. இத யாரும் அழிக்க முடியாது, "அது அந்தக் காலத்துக்கு எழுதினது"ன்னு ஒரே பேச்சுல தள்ளிவிடவும் கூடாது, அப்படித் தள்ள ஆரம்பிச்சா நமக்குப் புடிக்காத எந்த வசனத்தையும் தள்ளிரலாம். மாமியாரும் அந்த மூப்பர்மாரும் வேதத்துக்குப் பயந்துதான் அப்படி நிக்கிறாங்கன்னு நான் நம்புறேன், அந்தப் பயம் நல்ல பயம். ஆனா ஒரு வசனத்துக்கு மட்டும் பயந்தா போதாது, முழு வேதத்துக்கும் பயப்படணும்.

அதே பவுல், அதே கொரிந்து சபைக்கு, அதே நிருபத்துல மூனு அதிகாரத்துக்கு முன்னாடி 11:5ல என்ன எழுதுறார்னு பாருங்க. ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பொம்பளைங்க தலைய மூடிக்கணும்னு எழுதுறாரு. எப்படி நின்னு பேசணும்னுதான் சொல்லிக் குடுக்கிறாரு, வாயத் திறக்காதன்னு சொல்லல. தீர்க்கதரிசனம்னா வருங்காலத்த சொல்றது மட்டும்தானேன்னு மூப்பர்மார் கேப்பாங்க, அதுக்கும் பவுலே 14:3ல பதில் வெச்சிருக்காரு, தீர்க்கதரிசனம் சொல்றவன் மனுஷருக்கு "பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும் உண்டாகத்தக்கதாகப் பேசுகிறான்"னு. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நாம எதிர்பார்க்கிறது இந்த மூனும்தானே.

அப்படின்னா 14ம் அதிகாரத்துல ஏன் பேசாம இருங்கன்னு சொன்னாரு? அந்த அதிகாரத்த தொடக்கத்துல இருந்து வாசிச்சா விளங்கும், கொரிந்துல ஆராதனைன்னா ஆளாளுக்கு ஒரே நேரத்துல பேசி ஒரே குழப்பம். அதனால பவுல் அந்த அதிகாரத்துல ஒரு கூட்டத்த இல்ல, மூனு கூட்டத்த அமைதியா இருக்கச் சொல்றாரு: வியாக்கியானம் பண்ண ஆள் இல்லாட்டி அந்நிய பாஷை பேசுறவன் பேசாம இருக்கணும் (28ம் வசனம்), ஒருத்தன் பேசிக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல இருக்கிறவனுக்கு வெளிப்பாடு வந்தா முதல் ஆள் நிறுத்திக்கணும் (30ம் வசனம்), அதுக்கப்புறம்தான் பொம்பளைங்க (34). முதல் ரெண்டு கூட்டத்துக்கும் ஆயுசுக்கும் வாய் பேசக்கூடாதுன்னு எந்த சபையும் சட்டம் போட்டது இல்ல, மூனாவது கூட்டத்துக்கு மட்டும்தான் போட்டாங்க. 35ம் வசனமும் ஏதாவது தெரிஞ்சுக்க விரும்பினா வீட்டுல புருஷன்கிட்ட கேக்கட்டும்னு சொல்லுது, அப்ப அங்க நடந்தது ஆராதனைக்கு நடுவுல கேள்வி கேக்கிறதுன்னுதான் எனக்குப் படுது. ஒழுங்கா எழும்பி தேவ வார்த்தைய சொல்றது வேற.

தீமோத்தேயு வசனம் இத விட கஷ்டமானது, அதையும் மறைக்காம சொல்லணும். அடுத்த வசனத்துலயே பவுல் "முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள் உருவாக்கப்பட்டாள்"னு சிருஷ்டிப்புக்கே போறாரு. அதனால இது தீமோத்தேயு இருந்த எபேசு ஊருக்கு மட்டும் சொன்னது இல்ல, எல்லா சபைக்கும் எல்லா காலத்துக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க வாதத்துல இதுதான் பலமான இடம், படிச்சவங்க, தேவபக்தியுள்ளவங்க பல பேர் இத வெச்சுத்தான் போதகர் பொறுப்பு ஆம்பளைக்கு மட்டும்னு நிக்கிறாங்க. எனக்கு அந்த முடிவு சரியாப் படல. ஏன்னா அந்த எபேசுல கள்ள உபதேசம் பரவிக்கிட்டு இருந்துச்சு, முதல் நிருபம் தொடங்குறதே அதத் தடுக்கச் சொல்லித்தான் (1:3). அந்த ஆட்கள் வீடுகளுக்குள்ள நுழைஞ்சு பொம்பளைங்கள வசப்படுத்துறத ரெண்டாம் நிருபம் 3:6 சொல்லுது. இதோட சேர்த்து வாசிச்சா, ஏவாள் ஏமாந்தத பவுல் ஏன் ஞாபகப்படுத்துறாருன்னு விளங்குது. படிப்பே கிடைக்காத அந்தப் பொம்பளைங்கள அவர் துரத்தல, 11ம் வசனத்துல அமைதலோட கத்துக்கட்டும்னு சொல்றாரு. உங்க சபைத் தங்கச்சி கத்துக்கிட்டு வந்தவ.

இன்னொன்னு, 9ம் வசனம். மயிரைப் பின்னக்கூடாது, பொன்னும் முத்தும் போட்டு அலங்கரிக்கக்கூடாதுன்னு அதே அதிகாரத்துலதான் இருக்கு. நம்ம தோட்டங்கள்ல கிறிஸ்மஸ் ஆராதனைக்கு சின்னப் புள்ளைங்க ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிக்கிட்டு வாறாங்க, கல்யாணத்துக்கு அடகுல இருந்த சங்கிலிய மீட்டு போட்டுக்கிட்டு வாறாங்க, யாரும் எழும்பி வெளிய போறதில்ல. 9ம் வசனத்த அந்த ஊரு நெலமையோட வெச்சு வாசிக்கிறவங்க 12ம் வசனத்தையும் அப்படி வாசிக்கணும்னுதான் நான் கேக்கிறேன்.

இப்ப, ஆம்பளைங்க தயாரா இல்லாத நேரத்துல மட்டும்தான் தேவன் பொம்பளைய எழுப்புறாருன்னு ஒரு பேச்சு இருக்கு. யுத்தத்துக்குப் போக பாராக் தயங்கினதால தெபொராள் வந்தாள்னு உதாரணமும் சொல்லுவாங்க. அதுக்கு உல்தாள் கதைய வாசிங்க, 2 இராஜாக்கள் 22. யோசியா ராஜாவோட 18ம் வருஷம், ஆலயத்த பழுது பாக்கும்போது பிரதான ஆசாரியன் இல்க்கியாவுக்கு நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்குது. அத வாசிக்கக் கேட்ட ராஜா துணியக் கிழிச்சிக்கிட்டு, போய் கர்த்தர்கிட்ட விசாரிங்கன்னு ஆள் அனுப்புறாரு. போனது யாரு? இல்க்கியா, சாப்பான், இன்னும் மூனு பேர், நாட்டுலயே பெரிய ஆம்பளைங்க. யார்கிட்ட போனாங்க? சல்லூமோட மனைவி, தீர்க்கதரிசி உல்தாள்கிட்ட. அப்ப ஆம்பளை தீர்க்கதரிசி இல்லையான்னா இருந்தாரு, எரேமியா அதே யோசியாவோட 13ம் வருஷத்துலயே ஊழியத்துக்கு வந்துட்டாரு (எரேமியா 1:2), அதாவது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே. அப்படி இருந்தும் பிரதான ஆசாரியனே நடந்து போயி ஒரு பொம்பளைகிட்ட இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு, அவளும் "கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்"னு தொடங்கி பயமில்லாம சொன்னா, அத நம்பித்தான் ராஜா தேசம் முழுக்க சீர்திருத்தம் செஞ்சாரு. அவ பொம்பளைங்கிறதுக்காக அஞ்சு பேர்ல ஒருத்தரும் எழும்பிப் போகல. உங்க கமிட்டியில வாசிக்க ஒரு பகுதி வேணும்னா இதத்தான் குடுப்பேன்.

புதிய ஏற்பாட்டுலயும் இருக்கு. பிலிப்புவோட நாலு மகள்மாரும் தீர்க்கதரிசனம் சொன்னவங்க (அப்போஸ்தலர் 21:9). கெங்கிரேயா சபை ஊழியக்காரி பெபேயாள், ரோமருக்கு எழுதின நிருபத்தக் கொண்டு போனதே அவதான்னு பல வேத அறிஞர்கள் நினைக்கிறாங்க. உயிர்த்தெழுந்த செய்திய சீஷர்மாருக்கு சொல்லச் சொல்லி இயேசு அனுப்பினது மகதலேனா மரியாளை.

சபைகள் ஏன் ஒத்துப் போகலன்னும் சொல்லணும். சால்வேஷன் ஆர்மி (இரட்சணிய சேனை) 1883ல இலங்கைக்கு வந்தது, அங்க பொம்பளை ஆபிசர்மார் பிரசங்கம் பண்றது அன்னைக்கும் இன்னைக்கும் சாதாரணம். தென்னிந்திய திருச்சபை 1976ல முதல் பெண் குருவ அபிஷேகம் பண்ணுச்சு, இலங்கை ஆங்கிலிக்கன் சபை 2006ல. மெதடிஸ்ட் சபையிலயும் பெண் போதகர்மார் இருக்காங்க. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பிரதரன் சபைகளும் பல பாப்டிஸ்ட் சபைகளும் அத ஏத்துக்கல. ஆனா கவனமா பாருங்க, சண்டை பெரும்பாலும் யாரு சபைய மேய்க்கிறது, யாரு திருவிருந்து நடத்துறதுங்கிற பொறுப்பப் பத்தினது. ஒரு பொம்பளை ஒரு நாள் எழும்பி வேதத்த விளக்கினா அது பாவம்னு சொல்றது அத விட ரொம்ப பெரிய குற்றச்சாட்டு, அதுக்கு வேதத்துல ஆதாரம் பத்தாது.

நம்ம மலையகத்துல இது ஒன்னும் புதுசும் இல்ல. மிஷன் காலத்துல பைபிள் உமன்னு சொல்ற அம்மாமார் வீடு வீடா போயி வேதம் வாசிச்சுக் குடுத்தாங்க. இன்னைக்கும் லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும், மலையில இருந்து இறங்கி, கொழுந்து எடை போடுற மடுவத்துல நிறுத்துக் குடுத்துட்டு வந்து, அடுப்பு பத்த வெச்சு சோறாக்கி வெச்சிட்டு, ஈரத் தலையோட ஒரு அம்மா பாய்ல உக்காந்து சங்கீதத்த விளக்குவா, சுத்தி இருக்கிற ஆம்பளைங்களும் கண்ண மூடி ஆமென் சொல்லுவாங்க. லயத்து வாசல்ல ஆமென் சொன்ன அதே ஆள் சபைக் கட்டடத்துக்குள்ள வந்ததும் எழும்பிப் போறதுக்கு எந்த வசனம் காரணம்? இத கோவமா கேக்காதீங்க, மூப்பர்கிட்ட மரியாதையா, உண்மையிலயே பதில் வேணும்ங்கிற மாதிரி கேளுங்க. பாஸ்டர் ஐயா வந்ததும் இந்தப் பகுதிகள வெச்சு கொஞ்ச கிழமைக்கு வேதபாடம் நடத்தச் சொல்லுங்க, அந்தப் புள்ளையும் உக்காந்திருக்கட்டும். இதுக்காக பிரிஞ்சு போயி இன்னொரு தகரக் கொட்டகை சபை மட்டும் தொடங்கிறாதீங்க.

கேள்வி: நாங்க கத்தோலிக்கர். எங்க கோயில்ல சிஸ்டர்மார் அவ்வளவு படிச்சிருந்தும் பூசையில ஏன் பிரசங்கம் வைக்கிறதில்ல?
- வாசகர், தலவாக்கலை

பதில்: பூசையில நற்செய்திக்கு அப்புறம் வாற மறையுரைய குருவோ தியாக்கோனோதான் குடுக்கணும்னு 1983 திருச்சபைச் சட்டம் சொல்லுது (767). ஆனா அதுக்கு முந்தின 766ம் சட்டப்படி தேவை இருக்கிற இடத்துல குருப்பட்டம் இல்லாத பொதுநிலையினரும், அதுல பொம்பளைங்களும், கோயில்ல போதிக்க அனுமதி குடுக்கலாம். தியானம், சிலுவைப் பாதை மாதிரி நேரத்துல சிஸ்டர்மார் பேசலாம். குருத்துவம் பெண்களுக்கு இல்லன்னு 1994ல பாப்பரசர் ரெண்டாம் ஜோன் போல் எழுதினார், 2021ல பாப்பரசர் பிரான்சிஸ், பூசையில வேதம் வாசிக்கிற வாசகர், பீடத்துல குருவுக்கு உதவுற பீடத்துணைவர் பணிகள பெண்களுக்கும் திறந்து விட்டார். உங்க ஃபாதர்கிட்ட தவக்காலத்துக்கு ஒரு சிஸ்டர தியானம் குடுக்கச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: என் மனைவி மத்த தோட்டங்களுக்கும் போயி ஜெபக்கூட்டத்துல பேசுறா. புருஷன் தலைன்னு வேதம் சொல்லும்போது என்னைய ஆட்கள் குறைவா பாக்குறாங்க. நான் நிறுத்தச் சொல்லலாமா?
- வாசகர், கந்தப்பளை

பதில்: தம்பி, ஆக்கில்லாவையும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளையும் நெனச்சுப் பாருங்க. புருஷனும் பொஞ்சாதியும் கூடாரத் தொழில் செஞ்சவங்க, வேதத்துல கரைகண்ட அப்பொல்லோவையே வீட்டுல சேர்த்துக்கிட்டு ரெண்டு பேருமா தேவனுடைய மார்க்கத்த இன்னும் திட்டமா விளக்கினாங்க (அப்போஸ்தலர் 18:26). அப்போஸ்தலர் 18:18லயும் ரோமர் 16:3லயும் பிரிஸ்கில்லாள் பேர்தான் முதல்ல வருது. அதனால ஆக்கில்லாவுக்கு ஒரு குறையும் வரல, அவங்களுக்கு புறஜாதி சபையெல்லாம் நன்றி சொல்லுதுன்னு பவுல் எழுதுறாரு. தலையா இருக்கிறதுன்னா கிறிஸ்து சபைக்கு செஞ்ச மாதிரி தன்னையே குடுக்கிறதுன்னு எபேசியர் 5:25 சொல்லுது. அதனால நிறுத்தச் சொல்லாதீங்க. அவ போற நாள்ல புள்ளைங்கள நீங்க பாத்துக்கங்க, இருட்டுற நேரம்னா டார்ச்சையும் எடுத்துக்கிட்டு கூடப் போங்க, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க.