மங்கலான பிரதிகளில் ஜாஸ் காலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1920களின் ஜாஸ் காலத்துக் கதைகளை 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சி எப்படி நாடகமாக்கியது என்று அறிய, ‘பிளேஹவுஸ் 90’ போன்ற தொடர்களின் பழைய பிரதிகளை இணையத்தில் பார்த்து வருகிறேன். படம் மங்கல். நடனங்கள் தத்தித் தத்தி நகர்கின்றன. வெள்ளை உடைகளைச் சுற்றிக் கறுப்பு நிழல். பாண்டு இசையோ போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கிறது. இவ்வளவு புகழப்பட்ட நாடகங்கள் இவ்வளவுதானா? ‘மேம்படுத்திய’ 60 ஃபிரேம் பிரதிகளும் கிடைக்கின்றன. எதைப் பார்ப்பது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் மூன்று பிரதியினுடையவை, ஒன்று கேமராவினுடையது. இயக்குநர்மேல் பழிபோட எதுவும் இல்லை.

‘பிளேஹவுஸ் 90’ 1956 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஜாஸ் காலத்து எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘வின்டர் ட்ரீம்ஸ்’ 1957இலும் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1958இலும் அதில் வந்தன. தொடக்க காலத்தில் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கிலிருந்து நேரலை. கிழக்குக் கரையில் இரவு 9.30 என்றால் அரங்கில் மாலை 6.30. மேற்குக் கரைக்காக, மானிட்டர் திரையையே ஃபிலிம் கேமராவால் படம்பிடித்து, அவசரமாகக் கழுவி, மூன்று மணி நேரம் கழித்து ஒளிபரப்பினார்கள். இதுதான் கினெஸ்கோப். அன்றைய இரவுக்காக எடுத்தது அது. நாம் அதை வைத்து நாடகத்தையே எடைபோடுகிறோம். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இரண்டு அங்குல வீடியோ டேப் 1956 இறுதியிலேயே வந்துவிட்டது. ஆனால் டேப் விலை அதிகம், அழித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அதனால் பல நாடகங்களுக்கு ஃபிலிம்தான் மிஞ்சியது.

தத்தலுக்குக் காரணம் எளிய கணக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நொடிக்கு 60 ஃபீல்டுகள் (ஒன்றுவிட்ட வரிகளாலான அரைப் படங்கள்), ஃபிலிமில் 24 ஃபிரேம்கள் (முழுப் படங்கள்). ஒரு ஃபிரேமுக்கு இரண்டு ஃபீல்டு வீதம் 48 போக, மீதி 12 ஃபீல்டுகள் பதிவாவதே இல்லை. சார்ல்ஸ்டன் போன்ற வேகமான ஆட்டத்தில் அசைவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஷட்டர் ஒவ்வொரு முறையும் 1/120 நொடி, அதாவது அரை ஃபீல்டு நேரம், மூடியிருக்கும். அதனால் அடுத்தடுத்த ஃபீல்டுகளின் துண்டுகள் சேரும் ஒட்டு படத்தின் நடுவில் விழும். ஷட்டர் சற்றே பிசகினாலும் நடுவில் ஒரு படுக்கைப் பட்டை தெரியும். வெளிறிய சுவர் உள்ள அசையாத காட்சியில் அதைத் தேடுங்கள். தெரிந்தால் கினெஸ்கோப் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

பட்டை தெரியாவிட்டால், கோப்பை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து, டீஇன்டர்லேசை (ஃபீல்டுக் கோடுகளை மறைக்கும் வசதியை) அணைத்து, நடனக் காட்சியில் நிறுத்தி, ஆங்கில ‘ஈ’ விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஐந்தில் மூன்று தெளிவாகவும் இரண்டு சீப்புப்பல் கோடுகளோடும் வந்தால் மூலம் ஃபிலிம். அசையும் எல்லா ஃபிரேமிலும் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் டேப். ஃபிலிம் மூலத்துக்கு இன்வர்ஸ் டெலிசினி (24ஐ 60 ஆக்கச் சேர்த்த உபரி ஃபீல்டுகளை நீக்குதல்) செய்து 24க்குத் திரும்புங்கள். டேப் மூலத்தை ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேமாகப் பிரித்து 60 ஆக்குங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுமே கெடும். இரட்டை உருவம் போலப் பேய்ச்சாயல் தெரிந்தால், வலையேற்றியவர் ஃபிரேம்களைக் கலந்துவிட்டார் என்று பொருள். அதை நல்லபடியாகப் பிரிக்க முடியாது; வேறு பிரதி தேடுங்கள்.

ஜாஸ் நாடகத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் இழப்பு ஒலிதான். 35 மி.மீ. அகல ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ. வெறும் 36 அடி. ஒலித்தடம் அதே ஃபிலிமின் ஓரத்தில் இருப்பதால், மெதுவாக ஓடும்போது உச்ச அதிர்வெண்கள் பதிவாவதில்லை. சிம்பலின் சிலிர்ப்பும் ஊமையடைப்பு வைத்த டிரம்பெட்டின் கூர்மையும் முதலில் போகும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (அதிர்வெண் வரைபடம்) காட்சியைத் திறந்து பாருங்கள். 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இசையின் தடம் இல்லாவிட்டால் மூலம் 16 மி.மீ.யாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரெபிளை ஏற்றாதீர்கள், இரைச்சல்தான் கூடும். 3 கிலோஹெர்ட்ஸ் அருகே இரண்டு டெசிபெல் ஏற்றினால் வசனம் தெளியும், அதற்குமேல் வேண்டாம்.

கறுப்பு நிழல் மட்டும் ஒளிபரப்பிலேயே இருந்தது. அந்தக் கேமராக்களின் இமேஜ் ஆர்த்திகான் குழாயில், மிகுந்த வெளிச்சம் பட்ட இடத்திலிருந்து சிதறும் எலக்ட்ரான்கள் பக்கத்தில் விழுந்து அங்கே இருளாக்கும். வெள்ளைச் சட்டைக்குப் பதில் வெளிர்நீலம் உடுத்தியதும், பளபளப்பை மழுக்கத் தெளிப்பான் அடித்ததும் இதனால்தான். ஆனால் 1920களின் கதை என்றால் ஜிகினா உடையும் பித்தளை வாத்தியமும் இல்லாமல் முடியுமா? இந்தக் கேமராவுக்கு ஆகாத பொருள்களே அந்தக் காலத்தின் அடையாளம். அந்த நிழலை நீக்க முயலாதீர்கள், நாடகம் பார்த்தவர்கள் அன்றே கண்டது அது.

60 ஃபிரேம் ‘மேம்படுத்தல்’ வேண்டவே வேண்டாம். இழந்த 12 ஃபீல்டுகளை மென்பொருள் ஊகித்து வரைகிறது. முகம் மெழுகாகிறது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. நேரலை நடிப்பில் பார்க்க வேண்டியதே முகம்தான். மங்கலான 24 ஃபிரேம் பிரதியைச் சிறிய திரையில், அறையை இருட்டாக்கிப் பாருங்கள். அமெரிக்காவில் உறவினர் இருந்தால், நியூயார்க்கின் பேலி ஊடக மையத்திலும் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ திரைப்பட, தொலைக்காட்சி ஆவணக் காப்பகத்திலும் குறிப்பிட்ட நாடகத்தின் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது பிரதி 35 மி.மீ.யா, 16 மி.மீ.யா, டேப்பா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.