கல்லூரியை உதறிய ஓவியரைக் காட்டும் மகளுக்கு என்ன சொல்வது?

உங்கள் மகளின் படங்களைப் பார்த்தேன் அம்மா. பசையில் மணலைக் குழைத்து அப்பி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் முகத்தைக் கீறியிருக்கிறாள். "சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கே, இதுக்கு எதுக்கு ஓவியக் கல்லூரி?" என்கிறீர்கள் நீங்கள். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபேயே கல்லூரியை உதறியவர்தானே என்கிறாள் அவள். இரண்டு பேருமே அவர் கதையில் பாதியைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

1901-இல் பிரான்ஸின் லெ ஆவ்ர் நகரில் மது வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் துபுஃபே. பாரிஸின் அகாதெமி ஜூலியனில் சேர்ந்து ஆறு மாதத்தில் விலகியது உண்மை. அதன்பின் பல வருடம் மது வணிகம்தான் சோறு போட்டது. முழுநேர ஓவியரானது 1942-இல், 41 வயதில். உங்கள் மகள் இந்த இடைப்பட்ட காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களும் பயிற்சியே இல்லாதவர்களும் வரைந்தவற்றை 1945 முதல் தேடிச் சேர்த்து, 'ஆர் ப்ரூட்', அதாவது பண்படுத்தாத கலை, என்று அவர் பெயரிட்டார். அந்தத் தொகுப்பு இன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதில் படங்கள் உள்ள அடோல்ஃப் வோல்ஃப்லி, 1895 முதல் 1930-இல் சாகும்வரை மனநல மருத்துவமனையிலேயே இருந்து வரைந்தவர். ஓவியப் பயிற்சி எதுவும் பெறாதவர் அவர். துபுஃபே அப்படியல்ல, எல்லாம் தெரிந்து, அந்த முரட்டுத்தனத்தைத் தேர்ந்தெடுத்தவர். உங்கள் மகளும் பார்த்து, யோசித்து, தேர்ந்துதான் வரைகிறாள். நல்ல ஆசிரியர்கள் தேடுவது இந்தத் தேர்வைத்தான்.

அதனால் முகத்தை 'சரியாக' வரையச் சொல்லும் வகுப்பில் இப்போது தள்ளாதீர்கள். ஆனால் கல்லூரிக்குக் காட்டும் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் நேரில் பார்த்து வரைந்த படங்கள் சிலவும் இருக்கட்டும். பல கல்லூரிகள் கேட்கும். எந்தக் கலவை விரிசல் விட்டது, எது நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். நேர்காணலில் பேச அதுவே போதும். கிறுக்கல் பக்கங்களைக் கிழிக்க விடாதீர்கள். 1962-இல் தொலைபேசியில் பேசிக்கொண்டே துபுஃபே பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியதுதான் 12 ஆண்டுகள் நீண்ட 'ஊர்லூப்' படைப்பு வரிசையானது.

வருமானம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஓவியம் விற்று மட்டும் வாழ்வது பெரும்பாலோருக்கு நடப்பதில்லை. அச்சுக்கலை, புத்தகச் சித்திரம், பழுதான ஓவியங்களைச் சீர்செய்து காக்கும் ஓவியப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்றைத் துணைப்பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். பொருள்களை இப்படிக் குழைத்துப் பார்க்கும் கைக்கு ஓவியப் பாதுகாப்பு நன்றாக ஒட்டும் என்பது என் கணிப்பு. அதற்கு வேதியியல் வேண்டும்; அந்தப் பாடத்தை மட்டும் இப்போதே விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.