பிபிஇ (கவுன், கையுறை, மாஸ்க் உள்ளிட்ட பாதுகாப்பு உடை) முழுவதும் அணிந்தும் ஐசியூ ஊழியர்களுக்குத் தொற்று எப்படி வருகிறது?

முதலில் சந்தேகப்பட வேண்டியது கழற்றும் நேரத்தை. போடும்போது எல்லோரும் நிதானமாகத்தான் போடுகிறார்கள். மணிக்கணக்காக வியர்த்து, தாகமும் மூக்கில் அரிப்புமாக வெளியே வரும்போதுதான் 'எப்போது இதை உரித்துப் போடுவோம்' என்ற அவசரம் வருகிறது. அந்த நேரத்தில் கையுறையும் கவுனின் முன்பக்கமும்தான் அதிகம் மாசுபட்டிருக்கும்.

வரிசை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பரவலாக உள்ள ஒரு முறை: முதலில் கையுறை. பிறகு ஃபேஸ் ஷீல்டையோ காகிள்ஸையோ பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். அடுத்து கவுன், உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி. நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க் கடைசியில், அறைக்கு வெளியே வந்த பிறகு. அதில் கீழ்ப்பட்டையை முதலில் தலைக்கு மேல் கொண்டுவந்து, பிறகு மேல்பட்டையை எடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல் குனிந்தபடி கழற்ற வேண்டும். ஆல்கஹால் திரவத்தால் 20 முதல் 30 விநாடி கை தேய்ப்பது ஒவ்வொரு படிக்கும் நடுவில் இருந்தால் நல்லது, கடைசியில் கட்டாயம். எதிரே ஒருவர் நின்று, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லி, தவறினால் நிறுத்த வேண்டும். சுவரில் ஒட்டிய போஸ்டரைவிட இந்த ஒரு ஆள் பல மடங்கு பயன்படுவார். பயிற்சியின்போது கவுனில் ஒளிரும் பொடியைத் தடவிவிட்டு, கழற்றியபின் புற ஊதா விளக்கில் பார்த்தால் யாருக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த ஓட்டை மாஸ்க்கின் விளிம்பு. என்95 வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் அது வடிகட்டிக்கு மட்டுமான கணக்கு. விளிம்பில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும். தாடி இருந்தால் விளிம்பு படியாது. மூக்குப் பட்டையை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து பக்கங்களில் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்த வேண்டும். பட்டைகளைக் குறுக்காகப் போடக் கூடாது. காகிள்ஸில் பனி படர்ந்துகொண்டே இருந்தால் மேல்விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூக்குத்தண்டில் புண் வராமலிருக்கப் பிளாஸ்டர் ஒட்டுபவர்கள், ஒட்டிய பிறகு சீல் பரிசோதனையை (மாஸ்க்கை அணிந்து மூச்சுவிட்டு, விளிம்பில் காற்று கசிகிறதா என்று பார்ப்பதை) மறுபடி செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் ஃபிட் டெஸ்ட் வேறு: தலைமூடிக்குள் சாக்கரினோ கசப்புக் கரைசலோ தெளித்து, தலையை ஆட்டிப் பேசச் சொல்வார்கள், சுவை தெரிந்தால் அந்த மாடல் அந்த முகத்துக்கு ஆகாது. பற்றாக்குறைக் காலத்தில் என்95 மீது சானிடைசர் தெளிப்பது தப்பு. நுண்துகளை இழுத்துப் பிடிக்கும் மின்னூட்டத்தை ஆல்கஹால் போக்கிவிடும், பார்வைக்கு மாஸ்க் புதிதுபோலவே இருக்கும்.

வென்டிலேட்டர் குழாயைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், நோயாளியின் மூச்சுக்காற்று அறையில் பரவாமலிருக்க முதலில் எந்திரத்தை ஸ்டாண்ட்பையில் வைத்து, மூச்சுக்குழாய்க் குழலைக் கிளாம்ப் செய்யுங்கள். சளி உறிஞ்சுவதற்கு, குழாயைக் கழற்றாமலே உறிஞ்சும் மூடிய சக்‌ஷன் போதும். நோயாளியை மாற்றிய பிறகும் அறை உடனே சுத்தமாகிவிடாது. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில்கூட மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம், 99.9 சதவீதம் வெளியேற 35 நிமிடம் ஆகும். அதற்குள் நுழையும் துப்புரவுப் பணியாளருக்கும் என்95 வேண்டும். பல இடங்களில் அவருக்குத்தான் சாதா மாஸ்க் தருகிறார்கள்.

பிபிஇயைக் குறை சொல்வதற்கு முன் ஓய்வறையையும் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றி, சன்னலில்லாத அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால், தொற்று நோயாளியிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.