சரி என்று சொல்லும் முன் ஒரு கணக்கு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். எனக்கு 46 வயது, மருத்துவமனையில் எழுத்தர் வேலை. கைக்கு வரும் சம்பளம் 21,000 ராண்ட். ஜேக்கப்ஸில் தொழிற்சாலையில் இருந்த என் கணவரை ஐந்து மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். காரில் சாமான் கொண்டுபோய்க் கொடுத்து மாதம் 3,000 சம்பாதித்தால் அதிகம். வீட்டுக் கடன் தவணை 7,200, கார் 4,600, அவர் பெயரில் 2021இலும் 2023இலும் எடுத்த இரண்டு தனிநபர்க் கடன்களுக்கு 3,900, துணிக்கடைக் கணக்கும் கிரெடிட் கார்டும் சேர்ந்து 2,100. எவ்வளவு சுருக்கினாலும் வீட்டுச் செலவு 9,500 ஆகிறது. கார் தவணை இரண்டு மாதம் நின்றதால் தேசியக் கடன் சட்டம் பிரிவு 129 என்று போட்டு வங்கி கடிதம் அனுப்பியிருக்கிறது. ஒரு நிறுவனம் தினமும் அழைத்து, “தவணையைப் பாதியாக்குகிறோம், தொலைபேசியில் சரி என்று சொன்னால் போதும்” என்கிறது. கடன் ஆலோசகர் வழியாகத் தவணைகளைக் குறைத்துப் புதுத் திட்டம் போடும் கடன் மறுஆய்வில் சேரலாமா? வீடு போய்விடுமா? கோயிலிலும் சொந்தத்திலும் தெரிந்துவிடுமா? அடுத்த ஆண்டு மகள் பல்கலைக்கழகம் போக வேண்டும். இன்னொன்று: பக்கத்துத் தெருக்காரரிடம் கணவர் 2,500 வாங்கி, மாதக் கடைசியில் 3,750 கட்டி, மறுநாளே மறுபடி வாங்குகிறார். அவருடைய வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் அந்த ஆளிடம் இருக்கின்றன.
— சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் கடிதத்தின் கடைசியில் ஒளித்து வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போட்ட கணக்கில் அந்தத் தெருக்காரர் இல்லவே இல்லை. ஆனால் மாதம் 1,250 ராண்ட் அவர் பைக்குத்தான் போகிறது. வாங்கிய 2,500 மட்டும் அப்படியே நிற்கிறது. மாதத்துக்கு ஐம்பது சதவீத வட்டி! பதிவு பெற்ற கடன் கடைகள் குறுகிய காலக் கடனுக்கு வாங்கக்கூடிய உச்சமே மாதம் 5 சதவீதம். கடன் வாங்கியவரின் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் பிடித்து வைத்துக்கொள்வதைத் தேசியக் கடன் சட்டம் தடை செய்திருக்கிறது. உங்கள் கணவர் அடையாளச் சான்றோடு வங்கிக்குப் போய் அந்த அட்டையை முடக்கிப் புதியது வாங்கட்டும். ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டியிருப்பதால், அசல் 2,500ஐ ஒரே தடவையில் கொடுத்து முடித்துவிடுங்கள் என்பேன். 2024 செப்டம்பரில் வந்த புதிய ஓய்வூதிய முறையில், உங்கள் ஓய்வூதிய நிதியில் உள்ள சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம், குறைந்தது 2,000 ராண்ட். அதற்கு வருமான வரி உண்டு, முதுமைக்கான பணமும் கூட. மாதத் தவணை கட்ட அதைத் தொடாதீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் தொடலாம்.

இனி பெரிய கணக்கு. தவணைகள் மொத்தம் 17,800. சம்பளத்தில் மிஞ்சுவது 3,200, வீட்டுக்கு வேண்டியது 9,500. மாதம் 6,300 ராண்ட் பள்ளம். கணவரின் 3,000ஐ நான் சேர்க்கவில்லை, அது நிலையான வருமானம் அல்ல. இந்தப் பள்ளத்தோடு நீங்கள் ஐந்து மாதம் ஓட்டியதே பெரிது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையைக் காணோம்: காப்பீடு. தனிநபர்க் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடனோடு சேர்த்தே ஒரு கடன் காப்பீட்டைப் பிடித்திருப்பார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்த கடன்களில் இந்தக் காப்பீடு இருந்தால், கடன் வாங்கியவர் தன் விருப்பமில்லாமல் வேலையிழந்தால் 12 மாதம் வரை தவணையை அது கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதற்குப் பிரீமியம் கட்டியிருப்பீர்கள். மாத அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஒரு வரியில் சின்னத் தொகையாக நிற்கும். ஆட்குறைப்புக் கடிதத்தோடு இந்த வாரமே கோருங்கள். கிரெடிட் கார்டுக்கும் துணிக்கடைக் கணக்குக்கும் கார் கடனுக்கும்கூடக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். தாமதமாகிவிட்டது என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். காரணம் நியாயமில்லை என்றால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஒம்புட் அமைப்பிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். கூடவே, வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்.இல் அவர் பதிந்தாரா? வேலை நின்ற 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

தனிநபர்க் கடன்கள் இரண்டுக்கும் காப்பீடு கட்டினால் பள்ளம் 6,300இலிருந்து 2,400 ஆகிறது.

அடுத்தது கார். மாதம் 3,000 சம்பாதிப்பதற்காக 4,600 தவணை கட்டி, அதன் மேல் பெட்ரோலும் ஊற்றுகிறீர்கள். அவர் வீட்டில் சும்மா இருந்தால் மனம் உடைந்துவிடும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது, அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்கு மாதம் நீங்கள் கொடுக்கும் விலை இது என்று தெரிந்தாவது கொடுங்கள். வங்கியிடம் காருக்கான முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கார் அதற்கு விலை போகும் என்றால், வங்கியிடம் சொல்லிவிட்டே விற்றுக் கடனை முடியுங்கள். கடன் தீரும் வரை கார் வங்கியுடையது, அவர்களுக்குத் தெரியாமல் விற்கக் கூடாது. திருப்பி ஒப்படைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால் மிச்சக் கடன் உங்கள் தலையில்தான்.

காப்பீடும் கிடைத்து காரும் தீர்ந்தால் மாதம் 2,200 மிஞ்சும். அதைத் துணிக்கடைக் கணக்கிலும் கார்டிலும் போட்டு அவற்றை மூடிவிடலாம். காப்பீடு நிற்கும் மாதத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் திரும்ப வரும், ஆனால் அந்த 2,100 இருக்காது. அப்படியென்றால் கடன் மறுஆய்வு உங்களுக்குத் தேவையே இல்லை.

இரண்டில் ஒன்று நடக்காவிட்டால்? அப்போது சேருங்கள், தயங்காமல் சேருங்கள். சம்மன் வருவதற்கு முன் சேருங்கள். 129 கடிதம் என்பது வழக்கு இல்லை. வழக்குப் போடும் முன் வங்கி கட்டாயம் அனுப்ப வேண்டிய அறிவிப்பு. பதில் சொல்ல 10 வேலை நாட்கள் உண்டு. கடன் ஆலோசகரிடம் போகலாம் என்று அந்தக் கடிதமே சொல்லும். வங்கி நீதிமன்றத்துக்குப் போன பிறகு அந்தக் கடனை மறுஆய்வில் சேர்க்க முடியாது. ஆகையால் காப்பீட்டுக் கோரிக்கை, தீர்வுத் தொகை, ஆலோசகரோடு ஒரு சந்திப்பு மூன்றும் ஒரே வாரத்தில் நடக்கட்டும். ஒன்று முடிந்து ஒன்று என்று காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்லை. கடிதத்துக்குப் பதில் மட்டும் உடனே போட்டுவிடுங்கள்.

மறுஆய்வு எப்படி நடக்கிறது என்று அந்தத் தொலைபேசிக் குரல் சொல்லியிருக்காது. விண்ணப்பக் கட்டணம் 50 ராண்ட். ஆலோசகர் 5 வேலை நாட்களுக்குள் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் தெரிவிப்பார். வரவு செலவைப் பார்த்து, நீங்கள் கட்ட முடிந்த தொகையை எல்லோருக்கும் பிரித்து ஒரு திட்டம் போடுவார். அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆணையாக வேண்டும், அல்லது எல்லோரும் ஒப்புக்கொண்டால் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தில். முதல் மாதங்களில் நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி ஆலோசகர் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமுமாகத்தான் போகும். கடனில் போகவில்லையே என்று பின்னால் திகைக்காதீர்கள். தவணை குறைவதும் சும்மா இல்லை, காலம் நீளும்.

ஆணைக்குப் பிறகு வேண்டாம் என்று எழுந்து வர முடியாது. திட்டம் முடியும் வரை புதுக் கடன் கிடையாது, துணிக்கடைக் கணக்கில் தீபாவளிப் புடவையும் கிடையாது. மற்றக் கடன்கள் தீர்ந்து, வீட்டுக் கடன் பாக்கியில்லாமல் நடந்துகொண்டிருந்தால் விடுவிப்புச் சான்றிதழ் தருவார்கள். தொலைபேசியில் சொன்ன சரியையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, தாங்கள் மறுஆய்வில் இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் கழித்து வங்கியில் கேட்டு அதிர்ந்தவர்கள் உண்டு. அந்த அழைப்பை எடுக்காதீர்கள். எடுத்தாலும் வாயைத் திறந்து சரி என்று சொல்லாதீர்கள்.

நேரில் பார்க்கக்கூடிய ஆலோசகரிடம் போங்கள். என்.சி.ஆர்.டி.சி. என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு, தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், பதிவு பெற்ற பண விநியோக நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன என்பதை மாதாமாதம் கேட்டுத் தொல்லை கொடுங்கள். விண்ணப்பித்து 60 வேலை நாட்களுக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால், பாக்கி நிற்கும் கடனை மறுஆய்விலிருந்து விலக்கிக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. ஆலோசகரின் மெத்தனத்தால் கார் போனவர்கள் இருக்கிறார்கள்.

திருமணத்தை நீங்கள் எழுதவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சட்டப்படி பதிவும் செய்து, தனிச்சொத்து ஒப்பந்தம் எழுதாமல் இருந்தால் உங்கள் சொத்தும் கடனும் கூட்டு. இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். பதிவே செய்யவில்லை என்றால் அவர் கடன் அவருடையது, உங்கள் கடன் உங்களுடையது. ஆலோசகரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், கணக்கே மாறும்.

வீடு போகுமா என்றால், இன்றைக்கு வீட்டுத் தவணையைக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள், அதை எதற்காகவும் நிறுத்தாதீர்கள். குடியிருக்கும் வீட்டை விற்க நீதிமன்ற ஆணை வேண்டும், கார் அளவுக்கு அது எளிதல்ல. ஊருக்குத் தெரியுமா? கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் இருக்கும், புதுக் கடன் கேட்கும் இடத்தில் பார்ப்பார்கள். காவடித் திருவிழா அறிவிப்புப் பலகையில் யாரும் ஒட்டப் போவதில்லை. நடு மத்தியானம் நீதிமன்ற ஷெரிஃப் வந்து சோபாவையும் டிவியையும் எழுதிக்கொண்டு போவதைத்தான் தெரு முழுவதும் நின்று பார்க்கும்.

மகளுக்காகக் கடன் வாங்கலாம் என்று நினைத்திருந்தால் அதை விடுங்கள், மறுஆய்வில் இருந்தால் முடியவும் முடியாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் ஒரு சம்பளம்தான் என்றால், பிடித்தத்துக்கு முந்தைய தொகையை வைத்துப் பார்த்தாலும் அந்த வரம்புக்குள் வரக்கூடும். விண்ணப்பம் திறக்கும் தேதியைப் பள்ளியில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்; கணவரின் ஆட்குறைப்புக் கடிதத்தில் இன்னும் இரண்டு நகல் எடுத்து வைத்தால் அங்கும் உதவும்.