நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம், அம்மா

பத்தாம் வகுப்பில் 431 எடுத்த மகள், பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 38 தான் எடுத்திருக்கிறாள் என்று கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி கேட்டால் கடகடவென்று சொல்கிறாள், பரீட்சையில் மட்டும் வரவில்லை என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தும் அவள் பக்கத்தில் உட்காருகிறீர்களே, உங்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். அவள் சோம்பேறி இல்லை. படிக்கும் முறைதான் மாற வேண்டும்.

ராத்திரி வருவது பரீட்சையில் வராததற்குக் காரணம் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பாடத்தைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். படித்த சூட்டில் சொல்வதைக் கேட்டு, பாடம் மனதில் பதிந்துவிட்டது என்று இருவரும் நம்பிவிடுகிறீர்கள்.

அதனால் இன்று படித்ததை இன்றே கேட்காதீர்கள். நேற்றையதையும் போன வாரத்தையும் கேளுங்கள். அவள் புத்தகத்தை மூடிவிட்டு பழைய நோட்டில் எழுதட்டும். விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் அவளே சேர்க்கட்டும். அந்தச் சிவப்பு வரிகளைத்தான் அடுத்த நாள் முதலில் பார்க்க வேண்டும். கணக்குகளுக்கு இது இன்னும் முக்கியம். உரைநூலில் செய்து காட்டியிருக்கும் கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். விடையை மறைத்துவிட்டு முதல் வரியிலிருந்து தானே போட்டால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். தடுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிளஸ் ஒன்னில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள்தான் அதிகம் பின்தங்குகிறார்கள்.

பாடம் உங்களுக்குப் புரியாதே என்று தயங்க வேண்டாம். வரையறை புத்தகத்தில் இருக்கிறபடி வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாலே போதும்.

சரி, தூக்கம். கோத்தகிரிக் குளிரில் நாலு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்கும் பிள்ளை பாதி நேரம் கண்ணயர்ந்துதான் இருக்கும். பகலில் படித்தது மனதில் நிலைப்பதற்கும் தூக்கம் வேண்டும். பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழட்டும். மாலையில் வந்ததும் டீ குடித்துவிட்டு, அன்று நடந்த பாடங்களை இருபது நிமிடம் எழுதிப் பார்க்கட்டும். இருட்டுவதற்குள் அதை முடித்துவிட்டால் மின்சாரம் போனாலும் கவலையில்லை. செல்போன் அந்த நேரம் உங்கள் கையில் இருக்கட்டும்.

குன்னூரில் டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பஸ்ஸிலேயே தினம் இரண்டு மணி நேரம் போய்விடும். திரும்பும்போது தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்குமோ என்ற பயம் வேறு.

குரூப்பை மாற்றுவது பற்றியும் இப்போது பேச வேண்டாம், குறிப்பாக அவள் காதுபட. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களையும் அந்தச் சிவப்புப் பேனா நோட்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு வாருங்கள். மூவருமாகப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.