பரணில் கிடக்கும் டெலஸ்கோப்பை வாங்கலாமா?

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் பல வருடமாகப் பரணில் கிடக்கும் டெலஸ்கோப் ஒன்றை விற்கப்போகிறார்கள். குழாயில் 114 மி.மீ., 900 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. பெட்டியில் '675 மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று போட்டிருக்கிறது. 25, 10, 4 என்று எண் போட்ட மூன்று ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), உருப்பெருக்கத்தைக் கூட்டும் 3 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று, முக்காலி எல்லாம் இருக்கின்றன. நான் இதுவரை டெலஸ்கோப்பில் எதையும் பார்த்ததே இல்லை. பழையதை வாங்கி ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பணம் சேர்த்துப் புதிதாகவே வாங்கட்டுமா?

பதில்: பயப்படாமல் போய்ப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்களே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்துவிட்டன. 114 என்பது குழாயின் அடியில் ஒளியைக் குவிக்கும் ஆடியின் விட்டம், 900 என்பது அதன் குவியத் தூரம், அதாவது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையிலான தூரம். ஆரம்பநிலைக்காரர்களுக்காகப் பல காலமாகச் செய்யப்பட்டுவரும் நல்ல அளவு இது. இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாவை 7 மி.மீ. அளவுக்கு விரியும். அதன் பரப்பைவிட இந்த ஆடியின் பரப்பு 250 மடங்குக்கும் அதிகம். நிலவுக் குழிகள், வியாழனின் நான்கு நிலாக்கள், சனியின் வளையம், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் வாயு மேகமாகத் தெரியும் ஓரியன் நெபுலா எல்லாவற்றுக்கும் இது போதும்.

போனதும் ஒரு டேப்பை வைத்துக் குழாயின் நீளத்தை அளந்துவிடுங்கள். ஏறத்தாழ 90 செ.மீ. இருந்தால் சரி. ஏன் சொல்கிறேன் என்றால், குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், ஆனால் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும், அப்படி ஒரு வகை உண்டு. பிம்பத்தைக் கூர்மையாக்கத் திருப்பும் ஃபோகஸருக்குள் கூடுதலாக ஒரு லென்ஸை வைத்துத் தூரத்தை நீட்டியிருப்பார்கள். மலிவாகச் செய்த அந்த வகையில் பிம்பம் கூர்மையாக வருவதில்லை, ஆடிகளை நேராக்குவதும் பெரும்பாடு. அதுவாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள்.

அந்த 675 மடங்கு எப்படி வந்தது தெரியுமா? டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 900-ஐ 4-ஆல் வகுத்தால் 225. அதை பார்லோவின் 3-ஆல் பெருக்கினால் 675. கணக்கு சரிதான், பார்வைக்குத்தான் உதவாது. ஆடியின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு, அதாவது இந்தக் கருவிக்கு 228 மடங்குதான் மேல் எல்லை. காற்று அலைபாயும் இரவுகளில் அதுவும் கிடைக்காது. 675-இல் சனி மங்கலாக ஆடும் ஒரு புகைத்திட்டு, அவ்வளவுதான். பார்லோவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு 25 மி.மீ. ஐபீஸோடு ஆரம்பியுங்கள். அதில் 36 மடங்கு வரும். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கில்தான்.

இனி, எதைப் பார்த்து முடிவு செய்வது? பழைய டெலஸ்கோப்பில் எல்லோரும் முதலில் கண்ணாடியைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். நான் முதலில் கை வைப்பது ஸ்டாண்டில். நன்றாக மூடிவைத்த கண்ணாடி பல வருடம் தாங்கும். கெட்டுப்போவதெல்லாம் திருகும் பல்சக்கரமும் முக்காலியின் பூட்டும்தான். ஆடுகிற ஸ்டாண்டில் எத்தனை நல்ல ஆடி இருந்தும் பயனில்லை. டெலஸ்கோப் வாங்கியவர்கள் சில வாரங்களில் அதை மூலையில் சாய்த்துவிடுவதற்கு முக்கியக் காரணமே இந்த ஆட்டம்தான் என்பது என் எண்ணம்.

எனவே கால்களை விரித்து, பூட்டி, குழாயை ஏற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அச்சுகளின் பிடியையும் தளர்த்திக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கேயும் இடிக்கக் கூடாது. குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர் எடையும் அதன் தண்டும் இருக்கின்றனவா? இந்தத் தண்டு தொலைந்துபோய்விட்டது என்று சொல்பவர்கள் அதிகம். அப்புறம் 10 மி.மீ. ஐபீஸைப் போட்டு, தூரத்துக் கோபுர உச்சி ஒன்றைப் பிடித்து, குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் பிம்பம் அடங்கினால் நல்லது. ஐந்து விநாடி தாண்டியும் நடுங்கினால் முக்காலிக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும், விலையை அதற்கேற்பப் பேசுங்கள். பிம்பம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம், இந்த வகையில் அப்படித்தான் தெரியும். பகலில் பார்க்கும்போது குழாய் சூரியன் பக்கமே திரும்பக் கூடாது.

ஐபீஸ் நுழையும் துளையையும் அளந்துகொள்ளுங்கள். 1.25 அங்குலம், அதாவது 31.7 மி.மீ. இருந்தால் இன்று கிடைக்கும் பெரும்பாலான ஐபீஸ்கள் பொருந்தும். பழைய சின்னக் கருவிகளில் 24.5 மி.மீ. துளை இருக்கும். அதற்குப் பிறகு நல்ல ஐபீஸ் தேடி அலைய நேரும்.

ஆடியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் புது ஆடிகூட அழுக்காகத்தான் தெரியும். தூசி இருந்தால் இருக்கட்டும். வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும். இதில் முன்பக்கமே அலுமினியப் பூச்சு, அதுவும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன். துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். விற்பவர் உங்களுக்காக முந்தின நாள் பளபளவென்று துடைத்துவைக்காமல் இருக்க, போனிலேயே சொல்லிவிடுங்கள். பூச்சு ஓரத்திலிருந்து உரிந்திருந்தாலோ, பழுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தாலோ, அந்த ஆடிக்குப் புதிதாகப் பூச்சு போட வேண்டும். இந்தச் சின்ன ஆடிக்காக அந்த அலைச்சல் வேண்டாம். லென்ஸ் வைத்த டெலஸ்கோப் என்றால் பூஞ்சையைத் தேடச் சொல்லியிருப்பேன். மெல்லிய நூல் கிளைத்தது போல உள்ளே ஓடியிருக்கும், நாளாக ஆகக் கண்ணாடியையே அரித்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், ஒரு இரவு வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குழாயை ஆறவிடுங்கள். வானில் உயரத்தில் இருக்கும் பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றை நடுவில் கொண்டுவந்து, கூர்மையாக்கி, பிறகு ஃபோகஸரைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். புள்ளி விரிந்து வட்டத் தட்டாகும், உள்ளே வளையங்கள் தெரியும், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அது குழாயின் முன்வாய் அருகே, ஒளியை ஐபீஸ் பக்கம் திருப்பும் சின்ன ஆடியின் நிழல். பொட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆடிகள் நேராக இல்லை என்று அர்த்தம். குழாயின் அடியில் உள்ள திருகுகளால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தட்டு நீள்வட்டமாக இருந்து, ஃபோகஸரை எதிர்ப்பக்கம் திருப்பும்போது அந்த நீள்வட்டமும் குறுக்கே மாறிப் படுத்தால், கோளாறு கண்ணாடியிலேயே இருக்கலாம். பழக்கமில்லாதவர் அதை வாங்க வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. இதே அளவுள்ள புதுக் கருவியின் விலையில் பாதிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். அதற்கு மேல் கேட்டால், நீங்கள் சொன்னபடி பணம் சேருங்கள். ஆனால் அப்போது 150 மி.மீ. டாப்சோனியன் வாங்குங்கள். முக்காலியும் எதிர் எடையும் இல்லாமல், பெட்டி போன்ற பலகை அடித்தளத்தில் சுழலும் வகை அது. சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன் பிரபலமாக்கியது. மலிவான பொருள்களில் தானே டெலஸ்கோப் செய்து, தெருவில் வைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியவர் அவர். உடைந்துபோக அதில் அதிகமாக எதுவும் இல்லை, அதனால் பழையதாகக் கிடைத்தாலும் தைரியமாகப் பார்க்கலாம்.

கேள்வி: நட்சத்திரத்தைத் தானே தேடிப்போய் நிற்கும் மோட்டார் வைத்த டெலஸ்கோப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. 'பேட்டரி இல்லாததால் ஓட்டிக்காட்ட முடியவில்லை, நன்றாகத்தான் இருந்தது' என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஓட்டிக்காட்டாமல் வாங்காதீர்கள். பேட்டரியை நீங்களே கொண்டுபோங்கள். இரண்டு மோட்டாரும் எல்லாத் திசையிலும் ஓட வேண்டும், கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்ய வேண்டும். பழைய மாடல்களுக்கு அந்தப் பெட்டி தனியாகக் கிடைப்பது அரிது. சிலவற்றில் மோட்டார் ஓடாவிட்டால் குழாயைக் கையால் நகர்த்தவே முடியாது.

கேள்வி: பழைய டெலஸ்கோப்போடு, ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்ப்பதற்கென்று கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆடி குவிக்கும் வெப்பம் எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில் போய் விழும். சூட்டில் அது திடீரென்று விரிசல் விட்டால், கண்ணை எடுப்பதற்குள் பார்வை போய்விடும். இன்றைக்கே அதை உடைத்து, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், வேறு யார் கையிலும் சிக்கிவிடக் கூடாது. சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும், சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி வேண்டும். காற்றில் கழன்றுவிடாதபடி அதை இறுக்கிக் கட்டுங்கள். குறி பார்ப்பதற்காகப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஃபைண்டரையும் மறக்காமல் மூடிவிடுங்கள்.