டிஜிட்டலில் வரையத் தொடங்கியிருக்கிறேன், சொந்தக் கதாபாத்திரத்தை எப்படி உருவாக்குவது?

டேப்லெட் வாங்கியாயிற்று, சொந்தமாக ஒரு கதாபாத்திரத்தை வரைய ஆசை, எந்தச் செயலி நல்லது, எந்த பிரஷ், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கதாபாத்திரம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள். உங்களால் அதைத் திரும்பத் திரும்ப வரைய முடிய வேண்டும், அது போதும். ஒரே ஆளை நிற்க வைத்து, ஓட வைத்து, தூங்க வைத்து, அழ வைத்து வரைந்துகொண்டே இருந்தால் டிஜிட்டல் கருவியும் கூடவே கைக்கு வந்துவிடும். கருவிக்குத் தனியாக ஒரு பாடத்திட்டம் போட்டு உட்கார வேண்டியதில்லை.

செயலி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கணினி என்றால் கிரிட்டா. இலவசம், ஓவியம் வரைவதற்கென்றே செய்யப்பட்டது. ஐபேட் என்றால் ப்ரோக்ரியேட். ஒருமுறை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஃபோனில் வரைகிற பலர் ஐபிஸ் பெயின்ட் வைத்திருப்பார்கள். காமிக்ஸ் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட். நான் கீழே சொல்கிற லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி), கிளிப்பிங் (அடியிலுள்ள லேயரின் வடிவத்துக்குள் மட்டும் நிறம் நிற்கச் செய்வது), மல்டிப்ளை (கீழுள்ள நிறத்தைக் கருக்கும் கலப்பு முறை) எல்லாம் இந்த நான்கிலும் உண்டு. ஒன்றைப் பிடியுங்கள், சில மாதம் மாற்றாதீர்கள்.

உங்களுடையது திரையில்லாத டேப்லெட் என்றால் முதல் நாளே ஒரு செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். டேப்லெட்டின் வரையும் பரப்பும் மானிட்டரும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கை வட்டம் போடும், திரையில் முட்டை வரும், நீங்கள் பாவம் உங்கள் கையைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த விகிதத்தைப் பெரும்பாலும் டேப்லெட்டின் டிரைவர் மென்பொருளிலேயே சரிசெய்துவிடலாம். எவ்வளவு அமுக்கினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிற அழுத்த வளைவையும் (pressure curve) உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பேனாவை அமுக்கி அமுக்கித்தான் தடித்த கோடு வருகிறது என்றால் வளைவை மென்மையாக்க வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு வலிக்கும். பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பழைய டேப்லெட்டில் 2048 இருந்தாலும் கவலை வேண்டாம், வரையும்போது எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கேன்வாஸ் அளவு: அச்சிடும் எண்ணம் இருந்தால் ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது 2480 × 3508 பிக்சல். திரையில் மட்டும் காட்டப்போகிறீர்கள் என்றாலும் இந்த அளவே தாராளம். இதைவிடப் பெரிதாக்கினால் பிரஷ் இழுபடும், ஐபேடில் கிடைக்கிற லேயர்களின் எண்ணிக்கையும் குறையும்.

பிரஷ் இரண்டு போதும். அழுத்தினால் தடிக்கிற கெட்டியான வட்ட பிரஷ் ஒன்று, ஸ்கெட்சுக்குப் பென்சில் மாதிரி ஒன்று. பிரஷ் தொகுப்புகளை இறக்கிக் குவிப்பது சுவாரசியமான பொழுதுபோக்கு, நானும் செய்வேன், ஆனால் அதற்கும் வரைவதற்கும் சம்பந்தம் குறைவு.

கோடு நடுங்குகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். கோட்டின் நடுக்கத்தைச் சமன்செய்கிற ஸ்டெபிலைசரைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும். அதிகம் ஏற்றினால் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும், வளைவுகள் எல்லாம் ஒரே மாதிரி உயிரில்லாமல் இருக்கும். நீளமான கோட்டை மணிக்கட்டால் இழுக்காமல் முழங்கையிலிருந்து, முடிந்தால் தோளிலிருந்து, ஒரே வீச்சில் போடுங்கள். கைக்கு வசதியான கோணம் வரும்வரை கேன்வாஸைத் திருப்பிக்கொள்ளலாம். அப்புறம் இந்த அன்டூ. ஒரே கோட்டை இருபது முறை அழித்துப் போடுவதில் இருபதாவது கோடு முதலாவதைவிட நன்றாக வந்துவிடுவதில்லை. மூன்று முறைக்குள் வரவில்லையென்றால் பெரும்பாலும் அடியிலுள்ள ஸ்கெட்ச்தான் தெளிவாக இல்லை. அங்கே போய்த் திருத்துங்கள்.

லேயர்களை இப்படி அடுக்கலாம். அடியில் ஸ்கெட்ச், ஒளிபுகுதன்மையைக் குறைத்து மங்கலாக. அதற்கு மேல் கோட்டு லேயர். இரண்டுக்கும் நடுவில் உருவம் முழுவதையும் ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்பிய லேயர் ஒன்று. தோல், முடி, சட்டை எல்லாவற்றையும் அந்தச் சாம்பல் லேயரோடு கிளிப் செய்து தனித்தனி லேயர்களில் நிறம் கொடுத்தால் எங்கும் வெளியே வழியாது. நிழலுக்கென்று இவற்றுக்கு மேலே இன்னொரு கிளிப் லேயர், மல்டிப்ளையில். ஒரு பகுதியை ஒரே தட்டில் நிரப்புகிற பக்கெட் கருவியால் நிறம் கொடுக்கும்போது கோட்டோரம் வெள்ளையாக ஒரு விளிம்பு நிற்கும், அதை எல்லோரும் சின்ன பிரஷால் பொறுமையாக அடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கஷ்டம் தேவையில்லை. பல செயலிகளின் பக்கெட் அமைப்பில் நிரப்பும் பகுதியை ஓரிரு பிக்சல் விரிவாக்கும் வசதி இருக்கும், இருந்தால் அதை இயக்குங்கள்.

வரையும்போது அவ்வப்போது படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். கிரிட்டாவில் எம் விசையை அழுத்தினால் போதும். ஒரே படத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். புரட்டியதும் அது புதுப்படம், ஒரு கண் மேலே ஏறியிருப்பது உடனே தெரியும். முதலில் கொஞ்சம் மனம் நொந்துபோகும், பரவாயில்லை.

இனி கதாபாத்திரம். இதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

பலர் முன்கதையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வரைய உட்காருவார்கள். கதை எழுதப் பிடித்தால் எழுதுங்கள், ஆனால் வடிவமைப்புக்கு அதில் பெரும்பகுதி பயன்படாது. பிறந்த தேதியும் பிடித்த நிறமும் உடம்பில் தெரியாது. அவர் தினமும் என்ன வேலை செய்கிறார் என்பது தெரியும். மலைக்கிராமங்களுக்கு நடந்தே தபால் கொண்டுபோகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பை எப்போதும் ஒரே தோளில் தொங்குவதால் அந்தத் தோள் சற்று இறங்கியிருக்கும், உடம்பு மறுபக்கம் சாயும். கெண்டைக்கால் திரண்டிருக்கும். முடி கண்ணில் விழாமல் இறுக்கிக் கட்டியிருப்பாள். மழைக்கு ஒரு மேலங்கி, ஆனால் ஏறி இறங்கத் தோதாக முழங்காலுக்கு மேலேயே முடிகிற நீளம். ஒரு வேலையைச் சொன்னதும் எத்தனை முடிவுகள் தானாக வந்துவிட்டன பாருங்கள். அவள் முகம் எப்படியிருக்கும் என்று நாம் இன்னும் யோசிக்கவே இல்லை.

முகத்தைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். தொடங்குபவர்கள் பெரிய கேன்வாஸில் முகத்தை உருப்பெருக்கி, கண்ணிமை வரை முடித்துவிட்டு, அப்புறம் உடம்புக்கு இடமில்லை என்று தவிப்பார்கள். அதற்குப் பதில் ஒரே கேன்வாஸில் விரல் உயரத்துக்குக் கறுப்பு உருவங்களாகப் பத்துப் பன்னிரண்டு போடுங்கள். உள்ளே கோடு எதுவும் வேண்டாம், வெளிவடிவம் மட்டும். பையை ஒன்றில் பெரிதாக்குங்கள், ஒன்றில் மேலங்கியை விரித்துவிடுங்கள், ஒன்றில் ஆளைக் குட்டையாக்குங்கள். சார்லி சாப்ளினின் தொப்பி, கைத்தடி, பெரிய ஷூ இவற்றின் நிழலைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடுகிறதே, அதே சோதனைதான் இங்கேயும். கறுப்பாக நிரப்பினால் உங்கள் ஆள் வேறு யாராகவும் இருக்கலாம் போலத் தோன்றினால், அதன்மேல் எத்தனை அலங்காரம் செய்தாலும் பெரிதாக மாறாது.

வட்டம் என்றால் மென்மை, சதுரம் என்றால் உறுதி, முக்கோணம் என்றால் ஆபத்து என்று வடிவங்களைப் பற்றி ஒரு பாடம் எங்கும் சொல்வார்கள். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருண்டை முகத்தோடு சிரிக்கிற வில்லன் எனக்கு எப்போதும் கூடுதல் பயத்தைத் தருவான்.

அளவுகளில் ஒன்றை மட்டும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்: ஆளின் உயரம் எத்தனை தலை? வளர்ந்த மனிதர் சுமார் ஏழரைத் தலை உயரம். வீரர்களை எட்டுத் தலைக்கு வரைவார்கள், பெரிய தலையும் குட்டி உடம்புமாக வரைகிற சிபி பாணியில் இரண்டு, மூன்று தலைதான். எந்த எண்ணும் தப்பில்லை. ஆனால் ஒரு படத்தில் ஆறும் அடுத்ததில் ஏழும் என்று போனால், முகத்தை எவ்வளவு கவனமாக வரைந்தாலும் வேறு ஆள் மாதிரி இருக்கும். இன்னொன்று, கண்கள் மண்டையின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ நடுவில் இருக்கும். நெற்றியைக் குறைத்துக் கண்ணை மேலே ஏற்றிவிடுவது தொடங்குபவர்களிடம் அதிகம் காண்கிற பிசகு.

அலங்காரம். இங்கேதான் முதல் கதாபாத்திரங்கள் பெரும்பாலும் செத்துப்போகின்றன. ஏழு பெல்ட், சங்கிலி, லேஸ், தோளில் கவசம், கண்ணுக்குக் கீழே மூன்று மச்சம். முதல் படம் பிரமாதமாக இருக்கும். இரண்டாவது படம் வரவே வராது, ஏனென்றால் அந்த ஏழு பெல்ட்டையும் மறுபடி வரைய யாருக்கும் தெம்பிருக்காது. ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும்போது, பின்னாலிருந்து, உட்கார்ந்த நிலையில், ஓடும்போது இதை வரைவேனா என்று கேட்டுப் பாருங்கள். நுணுக்கத்தை ஒரு இடத்தில் குவித்து மற்ற இடங்களைச் சும்மா விட்டால் பார்வையும் அங்கே போகும். நம் தபால்காரிக்கு அது பை. அதில் வார், கொக்கி, தையல் எல்லாம் இருக்கட்டும், மேலங்கி வெறுமனே கிடக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பை இடத் தோளில் என்றால் எல்லாப் படத்திலும் இடத் தோளிலேயே இருக்க வேண்டும். படத்தைப் புரட்டிய நிலையிலேயே வரைந்துகொண்டுபோய்த் தோள் மாறிவிடுவது சகஜம்.

நிறத்துக்கு, தோலையும் முடியையும் தவிர மூன்று நிறங்களுக்குள் நிற்கப் பாருங்கள். ஒன்று அதிக இடத்தில், ஒன்று அதைவிடக் குறைவாக, மூன்றாவது பொட்டு மாதிரி. தேர்ந்தெடுத்ததும் எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் கலப்பு முறையைக் ‘கலர்’ என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். முடியும் மேலங்கியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து அவை ஒட்டிக்கொண்டே தெரியும். ஒன்றை வெளிறச் செய்யுங்கள், அல்லது இன்னொன்றைக் கருக்குங்கள்.

நிழலுக்குக் கறுப்பை எடுத்தால் படம் அழுக்காகத் தெரியும். மல்டிப்ளை லேயரில் மங்கிய ஊதாவோ நீலமோ வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மூலையில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு, கெட்டி பிரஷால் நிழலை வெட்டின மாதிரி வையுங்கள். மென்மையான ஏர்பிரஷ்ஷால் விளிம்பெல்லாம் தடவுவது எளிது, ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே அதில் தொலைந்துபோகும்.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு ஷீட் போடுங்கள், அதாவது ஆளை எல்லாப் பக்கமிருந்தும் காட்டுகிற ஒரு பக்கம். முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று நான்கு நிலை. கண், தோள், இடுப்பு, முழங்கால் உயரங்களில் குறுக்காகக் கோடு இழுத்துவிட்டு அதன்மேல் வரைந்தால் நான்கும் ஒத்துவரும். பக்கத்தில் ஐந்தாறு முகபாவம். பின்பக்கத்தை வரையும்போதுதான் பையின் வார் எங்கே போய் முடிகிறது என்று நமக்கே தெரியாதது புரியும். ஷீட் போடுவதில் எனக்குப் பிடித்த கட்டமே அதுதான்.

மாதிரிப் படம் (reference) பார்த்து வரைவது ஏமாற்று வேலை இல்லை. மழையில் நனைந்த துணி எப்படி ஒட்டும் என்று யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. படங்களைத் திரையின் ஓரத்தில் அடுக்கி வைக்கப் பியூர்ரெஃப் மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன. வேறொருவர் ஓவியத்தின் மேல் அப்படியே கோடு போட்டு டிரேஸ் செய்து பழகினால் அது உங்கள் கணினியோடு இருக்கட்டும். பிறர் பகிர்கிற உடல் மாதிரிகளை எடுத்தால் அவர்கள் போட்டிருக்கிற நிபந்தனையைப் படியுங்கள்.

சேமிக்கும்போது செயலியின் சொந்தக் கோப்பை, அல்லது பிஎஸ்டி (PSD) கோப்பை, லேயர்களோடு வைத்துக்கொண்டு, காட்டுவதற்கு பிஎன்ஜி (PNG) படமாக எடுங்கள். ஜேபிஜி ஒவ்வொரு முறை திரும்பச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரமிழக்கும்.

இரண்டாவது கதாபாத்திரம் எப்போது என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலாமவளை ஷீட்டைப் பார்க்காமலே ஓரளவு வரைய வந்ததும் தொடங்கலாம். புதுக் கோப்பு திறக்காமல் அவள் ஷீட்டிலேயே, அவளுக்குப் பக்கத்தில் வரையுங்கள். இரண்டு பேரையும் கறுப்பாக நிரப்பிப் பார்த்து, உயரத்திலும் வடிவத்திலும் எங்கே ஒன்றுபோல் இருக்கிறார்களோ அங்கேயெல்லாம் புதியவரை மாற்றுங்கள்.